உப்பிடாத நஞ்சுக்கொடி

கடப்பாரையின் முனை மூன்றாம் முறையும் கல்லிலேயே இறங்கியது. இருசம்மாள் குழிக்குள் கையை விட்டுத் துழாவி, தடுத்ததை அசைத்து வெளியே எடுத்தாள். உள்ளங்கை அளவில் சுருண்டிருந்தது அது. கல்லாகிப் போன சங்கு. ஒரு காலத்தில் கடலாயிருந்த அரியலூரைச் சுற்றியுள்ள மண்ணில் இரண்டு முழம் தோண்டினால் இவ்வாறு ஏதேனும் ஒன்று அகப்படும். சிப்பியோ நத்தையோ, பெயர் தெரியாத ஏதோ ஒன்றின் முதுகெலும்போ. அவள் அதனைப் புங்கமரத்தடியில் குவிந்து கிடந்த மற்றவற்றோடு போட்டாள்.

பங்குனி மாதத்துக் காலை வெயில் சுண்ணாம்பு மண்ணின்மேல் பட்டுக் கண்ணைக் குத்தியது. அவளருகே புதுக் கலயம் ஒன்று வாழையிலைத் துண்டால் மூடப்பட்டிருந்தது. முந்தின நாள் இரவில் பிள்ளை பெற்ற திருமழபாடிக்காரியின் நஞ்சுக்கொடி அதனுள் இருந்தது. இருசம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு கைப்பிடிக் கல்லுப்பை அதன்மேல் தூவினாள். மஞ்சள் துண்டு ஒன்றையும் வேப்பிலைக் கொத்தையும் வைத்தாள்.

"பத்து மாசம் புடிச்சிருந்த. போதும் தாயி, விட்டுடு" என்று, குழந்தையிடம் பேசுவது போல் மெல்லச் சொன்னாள்.

உப்பு வைத்தால்தான் நஞ்சு தன் பிடியை விடும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். உப்பு வைக்காமல் போனால் அது பெற்றவளையோ பிறந்ததையோ பிடித்துக்கொண்டே இருக்கும். கலயத்தைக் குழிக்குள் இறக்கி மண்ணைத் தள்ளினாள். நாய் பறித்துவிடாதபடி கருவேல முள்ளைப் பரப்பி, அதன்மேல் ஒரு கல்லை ஏற்றினாள். அமிர்தவல்லி தர்மப் பிரசவ விடுதியில் பத்தொன்பது ஆண்டுகளாக இந்த வேலை அவளுடையது. மற்ற எவரும் இதனைத் தொட மாட்டார்கள்.

காவற்காரன் பாவாடை பின்கட்டு வாசலில் நின்று பீடி பற்றவைத்தான்.

"என்னக்கா, கடலு தட்டுப்பட்டுச்சா?"

"தட்டுப்பட்டா ஒனக்கு ரெண்டு நெத்திலி மீனு புடிச்சித் தரேன். போயி சட்டிய கழுவி வையி."

"மீனு கெடக்கட்டும். வேம்பு ஒரு வாய் கஞ்சியாச்சும் குடிச்சாளா, அதச் சொல்லு."

இருசம்மாள் கடப்பாரையைத் தோளில் எடுத்துக்கொண்டாள்.

வேம்பு அவளுடைய ஒரே மகள். நான்காம் எண் கட்டிலில் ஆறு நாள்களாகப் படுத்திருந்தாள். ஏழு மாதம். அடிவயிறு இறுகி இறுகித் தளர்கிறது என்று, ஆலத்தியூரில் கல் ஏற்றும் வேலை பார்க்கும் அவள் கணவன் மதுரைவீரன் மாட்டுவண்டியில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, மறுநாளே வேலைக்குத் திரும்பிவிட்டான். உடம்பில் இரத்தம் இல்லை, நன்றாகச் சாப்பிட்டு அசையாமல் படுத்திருந்தால் ஒன்றரை மாதம் தள்ளலாம், இல்லாவிட்டால் பிள்ளை இப்போதே வந்துவிடும், வந்தால் நிற்காது என்று டாக்டர் சம்பூர்ணம் சொல்லியிருந்தார். ஆனால் வேம்பு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மாத்திரையையும் சர்க்கரைத் தண்ணீரையும் தவிர வேறெதையும் வாயில் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையன்று விடுதியின் பின்புறம் சுற்றுச்சுவருக்குக் கடைக்கால் வெட்டினார்கள். வெட்டிய கோடு புங்கமரத்தை ஒட்டிச் சென்றது. வரிசையாகக் கிடந்த அடையாளக் கற்களை ஆட்கள் புரட்டித் தள்ள, அவற்றுள் சிலவற்றின் கீழிருந்து பழைய கலயங்களின் ஓடுகள் வந்தன. சிலவற்றின் கீழே ஒன்றும் வரவில்லை. வேம்பு சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கல் அவளுக்குத் தெரியும். நடுவில் வெள்ளைக் கோடு ஓடிய கல். தலைப்பிள்ளை ஒன்பதாம் நாள் இறந்த பிறகு, வரும்போதெல்லாம் அந்தக் கல்லின்மேல் அவள் ஒரு துளி எண்ணெய் வைப்பது வழக்கம். அன்று அந்தக் கல் புரண்டது. அதன்கீழ் மண்வெட்டி எவ்வளவு ஆழம் போயும், ஓட்டுத்துண்டு ஒன்றுகூட வரவில்லை.

அன்று மாலை இருசம்மாள் மகளிடம் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

வார்டுக்குள் அவள் நுழைந்தபோது சுவர்க்கடிகாரம் பதினொன்று அடித்து ஓய்ந்தது. வேம்பு ஒருக்களித்துப் படுத்தபடி, கட்டிலோரம் வைத்திருந்த வெண்கல டம்ளரைக் கவிழ்த்தாள். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் எண்ணிப் போட்டிருந்த மூன்று புளியங்கொட்டைகள் விழுந்தன.

"மூணு" என்றாள். "பத்து மணிக்கும் மூணு. ஒம்பதுக்கும் மூணு. மணிக்கு மூணு தடவ, தப்பாம."

"வவுத்துப் புள்ள அசையுதுடி."

"எனக்குத் தெரியாதா அது? அது உள்ளேருந்து ஒதைக்கிது. இது வெளியிலேருந்து இழுக்குது." அவள் தொப்புளின்மேல் விரலை வைத்தாள். "கயித்த ஒருத்தன் தூரத்துல நின்னு சுண்டுற மாரி."

இருசம்மாள் கஞ்சித் தூக்கைத் திறந்தாள். வேம்பு முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்து எலும்புகள் துருத்தி, கண்கள் பெரியனவாகத் தெரிந்தன.

"ரெண்டு மடக்கு குடிடி, என்னப் பெத்தவளே."

"இன்னிக்கு வெயாழக்கெழம. பொட்டிக்காரரு வருவாரு. கேளு."

"இத்தினி நாளைக்கி அங்க என்னா இருக்கும்? அழிஞ்சி போயிருக்கும்டி."

"அழிஞ்சிருந்தா இழுக்காது. நீ அத வாங்கியாந்து உப்பு வச்சிப் பொதச்சிட்டு வா. நீ சொன்னத எல்லாம் சாப்டுறேன்."

இருசம்மாள் தூக்கை மூடினாள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், சித்திரை மாதத்தில்தான் அந்தப் பெட்டி முதன்முதலில் வந்தது. சென்னையில் உள்ள ஏதோ ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு மனித நஞ்சு தேவைப்படுகிறது என்றும், வியாழக்கிழமை தோறும் ஜீப் வரும் என்றும், அன்று பிறக்கும் பிள்ளைகளின் நஞ்சைக் கால் மணி நேரத்துக்குள் பையிலிட்டுப் பெட்டியில் வைத்துவிட வேண்டும் என்றும் டாக்டரம்மா எல்லாரையும் அழைத்துச் சொன்னார். பெற்றவர்களிடம் என்ன சொல்வது என்று நர்ஸ் ஒருத்தி கேட்டாள். "புதைச்சாச்சுன்னு சொல்லிடுங்க. விவரம் சொன்னா பயந்துக்குவாங்க" என்பது அவருடைய பதில்.

அன்று முதல் இருசம்மாள் வெறும் மண்ணின்மேல் முள்ளைப் பரப்பி, கல்லை வைத்து, "இந்தாங்க, இங்கதான்" என்று காட்டி வந்தாள். ஆயினும் பைகளை மூடுமுன், ஒருவரும் பார்க்காத ஒரு கணத்தில், முந்தானையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை உள்ளே போட்டுவிடுவாள். மண் கிடைக்காவிட்டாலும் உப்பாவது கிடைக்கட்டும் என்று அவள் நினைத்தாள். ஒரே ஒரு தடவைதான் அது தவறியது. அந்த ஆண்டு ஆவணிக் கடைசி வியாழனன்று, வேம்புவுக்கு வலி கண்டு பதினாறு மணி நேரத்துக்குப் பிறகு பிறந்த பெண் குழந்தை அழவில்லை. டாக்டரம்மா அதனைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். வெளியே மழை, ஜீப் விடாமல் ஹாரன் அடித்தது. "நஞ்சை எடு, நேரமாவுது" என்று நர்ஸ் கத்தினாள். இருசம்மாளின் கண்கள் குழந்தையின் நீல உதடுகள்மேல் இருந்தன. அவள் கைகள் தாமாகவே பையை மூடிப் பெட்டிக்குள் வைத்தன. குழந்தை அழுத பின்புதான், முந்தானை முடிச்சு அவிழாமல் இருப்பதைக் கண்டாள். ஜீப் அதற்குள் சாலையில் ஏறிவிட்டது.

நண்பகலில் ஜீப் வந்தது. ராசாங்கம் இறங்கினான். செட்டிகுளத்துக்காரன், ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளன். முப்பது வயதுக்குள் முன்னந்தலை வழுக்கை. இம்முறை அவன் கையில் பெட்டி இல்லை. அகன்ற வாயுள்ள குடுவை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, பிரசவ அறைக்கு வெளியேயிருந்த பெஞ்சில் வைத்தான். அதன் மூடியின் ஓரங்களிலிருந்து வெண்புகை கசிந்து, மேலே எழாமல், பெஞ்சின் கால் வழியே தரையில் இறங்கியது.

"நல்லாருக்கியா ஆயா? பழைய பொட்டி உள்ளதான இருக்கு? எடுத்துட்டுப் போவத்தான் வந்தேன். இனிமே பொட்டி வராது."

"ஏன் சார்?"

"வேல முடிஞ்சிருச்சு. இனி நஞ்சு வேண்டாம்."

இருசம்மாள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைப் பிழிந்தாள். நிமிராமலே கேட்டாள்: "முன்ன போனதுல ஒண்ணு திரும்பக் கெடைக்குமா சார்?"

அவன் சிரித்தான். "திரும்பவா? பஸ்சுல வுட்ட கொடையா அது? யாரு கேட்டா?"

"பெத்தவ கேக்குறா. முந்தாம் வருசம் ஆவணி, கடேசி வெயாழக்கெழம. மழ பேஞ்சுது. நீங்க ஆரன் அடிச்சீங்க."

"ஆமா, மருதையாத்துல தண்ணி வந்துரும்னு அடிச்சேன்." ராசாங்கம் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்துப் புரட்டினான். அவன் விரல் ஒரு வரியில் நின்றது. "அடடே. பதினேழு. அதுவா?"

"என்ன சார்?"

"நூத்துப் பத்து நஞ்சு கொண்டு போனோம் ஆயா இந்த ஊர்லேருந்து. நூத்தி ஒம்பது வீண். எல்லாத்துலயும் உப்பு. எப்படித்தான் ஏறிச்சோ தெரியல, இந்த ஊரு தண்ணியே உப்புன்னு எழுதி அனுப்பிட்டோம். பதினேழு ஒண்ணுதான் சுத்தமா இருந்துச்சு. அதுலேருந்துதான் எல்லாம் நடந்துச்சு."

அவன் பெஞ்சில் அமர்ந்தான். ஊர்ப் பேச்சில் பேசுவதற்கு ஓர் ஆள் கிடைத்த மகிழ்ச்சி அவன் முகத்தில் இருந்தது.

"நம்ம ஒடம்புல, கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு துணுக்குக்குள்ளயும் ஒரு நூலு சுருட்டி வச்சிருக்கு. அப்பன் சாடை, ஆத்தா சாடை எல்லாம் அதுலதான் எழுதியிருக்கு. அந்த நூல இறுக்கிப் புடிச்சிக்கிட்டே இருக்கிற சத்து ஒண்ணு உண்டு. அதத் தனியாப் பிரிச்சிப் பாக்கணும்னுதான் இவ்வளவு பாடு. உப்பு அதிகமாப் பட்டா அது புடிய வுட்டுடும்."

"உப்பு பட்டா வுட்டுடுமா?"

"வுட்டுடும். நூலு ஒரு பக்கம், இது ஒரு பக்கம்னு போயிரும்."

இருசம்மாள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பதினேழுலேருந்து அந்தச் சத்தச் செய்யிற குறிப்ப மட்டும் எடுத்து, ஒரு கிருமிக்குள்ள வச்சாங்க. இப்ப அந்தக் கிருமி அதச் செஞ்சிக்கிட்டே இருக்குது. பாலுக்கு ஒற ஊத்துற மாரிதான். ஒரு சொட்டு இருந்தாப் போதும், எத்தன கொடத்துக்கு வேணும்னாலும் ஒற ஊத்தலாம். தீராது."

"செத்துப் போவாதா அது?"

"எங்க சாவுறது. ஒண்ணு ரெண்டாவும், ரெண்டு நாலாவும். இருவது நிமிசத்துக்கு ஒரு தடவ."

அவள் கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மணிக்கு மூணு" என்றாள்.

"ஆமா, மூணு. கணக்குல புலிதான் நீ."

"அந்தப் புள்ள செத்துப் போச்சி சார். ஒம்பதாம் நாளு."

"எந்தப் புள்ள?"

"பதினேழு."

ராசாங்கம் நோட்டை மூடினான். "எனக்கு நம்பரு மட்டுந்தான் ஆயா தெரியும்" என்றான். பின்னர், ஏதேனும் செய்ய வேண்டும் என்று தோன்றியவனைப் போலக் குடுவையின் மூடியைத் திருகித் திறந்தான். புகை பொங்கி அவன் முழங்கை வரை மூடியது. அதற்குள்ளிருந்து சுண்டுவிரல் அளவுள்ள ஒரு கண்ணாடிக் குப்பியை இடுக்கியால் எடுத்துக் காட்டினான். இரப்பர் அடைப்பு, அதன்மேல் தகரப் பட்டை. அடியில் சிறிது வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. நகக்கண்ணில் அடங்கிவிடும் அளவு.

"இதான். திருச்சி காலேஜுக்குக் கொண்டு போறேன். எட்டுக் குப்பி."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். அவன் கொடுத்தான். குளிர் உள்ளங்கையைச் சுட்டது. குப்பியின்மேல் ஒட்டியிருந்த தாளில் ஆங்கிலத்தில் பொடி எழுத்துகள் இருந்தன.

"என்னா எழுதியிருக்கு சார்?"

"சத்தோட பேரு. மனுச வகைன்னு போட்டிருக்கு. கிருமியில செஞ்சதுன்னு போட்டிருக்கு." அவன் சாய்ந்து கடைசி வரியைப் படித்தான். "'ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது.'"

"புள்ள பேரு?"

"அதெல்லாம் போட மாட்டாங்க."

"அதுக்குப் பேரும் வைக்கல சார். பதினோராம் நாளு வைக்கலாம்னு இருந்தோம்."

இருந்தோம் என்ற சொல்லை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை. குப்பியை வாங்கிப் புகைக்குள் இறக்கிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு குடுங்க சார். பெத்தவகிட்டக் குடுத்துடுறேன். பொதைக்கணும்."

"விளையாடாத ஆயா. நம்பரு போட்டது. எட்டுக்கும் கையெழுத்து வாங்கணும். ஒண்ணு கொறஞ்சா நானும் ஒங்கூட இங்க தரை தொடைக்க வேண்டியதுதான். நான் இன்னம் நிரந்தரம் ஆவல." உள்ளேயிருந்து டாக்டரம்மாவின் மணி ஒலித்தது. அவன் மூடியைப் பாதி திருகி வைத்துவிட்டு எழுந்தான். "டாக்டரம்மாட்டச் சொல்லிட்டு வந்துடுறேன். இதச் சித்த பாத்துக்க. ஒருத்தரும் தொடாமப் பாரு."

நீண்ட தாழ்வாரத்தில் அப்போது வேறு எவரும் இல்லை. கதவுக்கு அப்பால் டாக்டரம்மா அவனுக்குக் காபி கொண்டுவரச் சொல்வது கேட்டது. இருசம்மாள் குடுவையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூடியின் விளிம்பிலிருந்து புகை வழிந்து, அவள் நீட்டியிருந்த பாதங்களைத் தொட்டு, அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. பத்தொன்பது ஆண்டுகளில் அவ்விடுதியிலிருந்து ஒரு பஞ்சுத் துண்டைக்கூட அவள் வீட்டுக்கு எடுத்துச் சென்றவள் அல்லள்.

ராசாங்கம் திரும்பி வந்து, மூடியை இறுகத் திருகிக் குடுவையை எடுத்துக்கொண்டான். காலிப் பெட்டியைப் பாவாடை ஜீப்பில் ஏற்றினான். "வரேன் ஆயா" என்றான் ராசாங்கம். அவள் தலையை ஆட்டினாள். அவளுடைய வலக்கை இடுப்பு மடிப்புக்குள் இருந்தது.

ஜீப்பின் ஒலி தேய்ந்த பிறகு அவள் புங்கமரத்தடிக்குச் சென்றாள். கடைக்கால் வெட்டாத பக்கமாக, நான்காம் எண் கட்டிலின் சன்னலுக்கு நேரே இடம் பார்த்துத் தோண்டினாள். இந்த முறை கடப்பாரை கல்லில் படவில்லை. முழங்கை ஆழம் மண் பொலபொலவென்று வந்தது. குப்பியைக் கலயத்தில் வைத்து, அடைப்பைப் பல்லால் கடித்துப் பார்த்தாள். தகரப் பட்டை அசையவில்லை. கல்லில் தட்டி உடைக்கக் கை ஓங்கியவள், சன்னலை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஓங்கிய கையைத் தாழ்த்திக்கொண்டாள். முடிச்சிலிருந்த உப்பு முழுவதையும் கொட்டினாள். குப்பி அதனுள் மறைந்தது.

"ஒன்ன மறந்துட்டேன் சாமி" என்றாள். "போதும், விட்டுடு. ஒங்கம்மாள விட்டுடு."

சன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு வேம்பு நின்றிருந்தாள். மண் தள்ளி, முள் பரப்பி, கல் ஏற்றி முடியும் வரை அவள் கண்ணை எடுக்கவில்லை.

இரண்டு மணி அடித்தபோது வேம்பு டம்ளரைக் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. மூன்று அடித்தது, அப்போதும் ஒன்றும் விழவில்லை. அவள் எழுந்து உட்கார்ந்து, கஞ்சியைத் தூக்கோடு வாங்கிக் குடித்தாள். பக்கத்துக் கட்டில்காரியிடம் ஊறுகாய் கேட்டு வாங்கினாள். மாலையில் டாக்டரம்மா வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இறுக்கம் விட்டிருக்கே. மாத்திரை வேலை செய்யுது" என்றார்.

"ரெண்டு இட்டிலி கெடைக்குமாம்மா?" என்று வேம்பு கேட்டாள். இருசம்மாள் வார்டு வாசலைத் தாண்டும் வரை அழவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜீப் திரும்பி வந்தது. ராசாங்கம் முகம் மழிக்கவில்லை. முந்தைய நாள் சட்டையையே அணிந்திருந்தான். சிறிது நேரத்தில் டாக்டரம்மா இருசம்மாளைத் தம் அறைக்கு அழைத்தார். அவள் வழக்கம் போல் வாயிற்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"இருசம்மா, ஒரு குப்பி குறையுது. நீ எடுத்தியா?"

"எடுத்தேன் டாக்டரம்மா."

அவ்வளவு விரைவாக அந்தப் பதிலை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"யாருக்கு வித்த?"

"விக்கல. பொதச்சிட்டேன்."

"பொதச்சியா? அது என்னன்னு தெரியுமா உனக்கு? எத்தனை பேர் எத்தனை வருஷம் உழைச்சது தெரியுமா? திருடிப் புதைக்கிறதுக்கா செஞ்சாங்க?"

"திருடல டாக்டரம்மா. எங்களுது அது."

"உங்களுதா? எது உங்களுது?"

இருசம்மாள் வாயைத் திறந்தாள். நூல், கிருமி, உறை, பதினேழு என்று அவளுக்குள் நேற்றிலிருந்து புரண்டுகொண்டிருந்த சொற்களுள் எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. "எம் பேத்தி" என்று மட்டும் சொன்னாள்.

டாக்டரம்மா ராசாங்கத்தைப் பார்த்தார். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இப்போது விளங்கிவிட்டது என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"டாக்டரம்மா, போலீசு கீலீசு வேண்டாங்க" என்றான். குரல் தழைந்திருந்தது. "குப்பி கெடச்சாப் போதும். இல்லன்னா என் வேல போயிரும்."

பாவாடையைக் கடப்பாரையோடு வரச் சொன்னார்கள். அவன் புங்கமரத்தடி வரை வந்து, கல்லையும் முள்ளையும் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"நஞ்சுக் குழிங்க இது, டாக்டரம்மா. மூடுனதத் தோண்டக் கூடாதுங்க. எங்க பக்கம் நாயி பறிச்சாலே..."

"பாவாடை, உனக்கும் வேலை வேண்டாமா?"

அவன் கடப்பாரையைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டான். இருசம்மாளின் முகத்தைப் பார்க்காமல், காலால் கல்லைப் புரட்டித் தள்ளினான். முள்ளை இழுத்து எறிந்தான். மண் இன்னும் இறுகவில்லை. நான்கு குத்தில் கலயத்தின் வாய் தெரிந்தது. ஐந்தாம் குத்தில் அது உடைந்தது. உப்பு சரிந்தது. ராசாங்கம் குனிந்து அதற்குள் விரலை விட்டுக் குப்பியை எடுத்தான். கைக்குட்டையால் துடைத்தான், அடைப்பைத் துடைத்தான், வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"சீல் உடையல" என்றான். "நல்ல வேள. உள்ள உப்பு எறங்கல. சூடு பட்டிருக்கும், பரவால்ல, நம்பரு சரியாயிடும்."

சன்னலில் வேம்பு நின்றிருந்தாள். அவளை முதலில் பார்த்தவன் ராசாங்கம்தான். குப்பியை அவசரமாகக் குடுவைக்குள் இறக்கி மூடியைத் திருகினான். நடக்கத் தொடங்கியவன், இருசம்மாளின் அருகே ஒரு கணம் நின்றான். குழியில் சரிந்து கிடந்த உப்பையும் அவள் முந்தானை முடிச்சையும் பார்த்தான். "தண்ணி உப்புன்னுதான் ஆயா எழுதினேன்" என்றான் கடைசியில். "அத மாத்தி எழுத மாட்டேன்."

டாக்டரம்மா கடிந்து பேசவில்லை. "நாளையிலேருந்து வர வேண்டாம் இருசம்மா. இன்னிக்கே சாவியைக் குடுத்துடு. பொண்ணைப் பார்க்கணும்னா மத்தவங்க மாதிரி நாலு மணிக்கு மேல வா" என்றார். பின்பு பாவாடையிடம் ஜீப்புக்குக் கதவைத் திறந்துவிடச் சொன்னார். அவன் அப்போது குழியில் மண்ணைத் தள்ளக் காலெடுத்திருந்தான். கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடினான்.

ஜீப் வெளியேறியது. அதன் பின்னாலேயே இருசம்மாளும் வெளியேற, வாயிற்கதவைப் பாவாடை சாத்தினான். கம்பிகளுக்கு இடையே அவள் சொன்னாள்: "பாவாட, அந்தக் குழிய மூடுடா."

"மூடிடுறேன்க்கா. டாக்டரம்மா உள்ள போவட்டும்."

அவள் விடுதியைச் சுற்றிக்கொண்டு பின்புறம் வந்தாள். சுற்றுச்சுவர் முழங்கால் உயரமே எழும்பியிருந்தது. தாண்டிப் போகலாம், அவள் தாண்டவில்லை. கடைக்காலிலிருந்து புரட்டிப் போட்ட கற்களிடையே, நடுவில் வெள்ளைக் கோடு ஓடிய கல் அவளுடைய காலடியில் கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்தாள். புங்கமரத்தடியில் திறந்து கிடந்த குழியைச் சுற்றி உப்பு வெயிலில் மின்னியது. செவலை நாய் ஒன்று வந்து, முள் கிடந்த இடத்தை முகர்ந்துவிட்டு, முன்னங்கால்கள் இரண்டையும் குழிக்குள் இறக்கியது. இருசம்மாள் கல் எடுக்கக் குனிந்தாள். கையில் வந்தது சங்கு. எறிந்தாள். நாய் ஒதுங்கி நின்று, மறுபடியும் வந்தது.

உள்ளே கடிகாரம் பத்து அடித்தது. நாலு மணிக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது.

சன்னலில் இப்போது வேம்பு இல்லை. கம்பிகளுக்கு இடையே இட்டிலித் தட்டு மட்டும் தெரிந்தது. அதிலிருந்து ஒரு விள்ளல்தான் குறைந்திருந்தது. நாயையும் சன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு இருசம்மாள் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறியது. பாவாடை இன்னும் வரவில்லை. பத்து அடித்து ஓய்ந்து இருபது நிமிடம் ஆகியிருக்கும்; வார்டுக்குள் வெண்கல டம்ளரில் புளியங்கொட்டை ஒன்று விழும் ஓசை கேட்டது.